டோபமைன் கேள்விகள்: நாலு கோடு போட்டால் போதும்

ரிசல்ட் வந்துவிட்டது, தேறிவிட்டேன். நரம்பு மருந்தியல் தாளில் டோபமைன் என்ற மூளை ரசாயனத்தைத்தான் சுற்றிச் சுற்றிக் கேட்டிருந்தார்கள். அதனால் அதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்; மற்ற பாடங்களுக்கு வேறு ஆளைப் பிடியுங்கள்.

“குறைந்தால் பார்கின்சன், கூடினால் ஸ்கிசோஃப்ரினியா” என்ற வரி எல்லோருடைய நோட்ஸிலும் ஓடுகிறது. முதலில் அதை அடித்துவிடுங்கள். எங்கே குறைந்தது, எங்கே கூடியது என்று கேட்காமல் இந்தப் பகுதியில் உருப்படியான விடை எதுவும் எழுத முடியாது.

தாள் கைக்கு வந்ததும் ஓரத்தில் நாலு கோடு போட்டேன்; மூளையில் டோபமைன் ஓடும் நாலு பாதைகள். நடுமூளையிலுள்ள நைக்ராவிலிருந்து மூளையின் ஆழத்திலுள்ள ஸ்ட்ரையேட்டம்: அசைவு. நைக்ராவுக்குப் பக்கத்திலுள்ள வி.டி.ஏ.விலிருந்து (வென்ட்ரல் டெக்மென்டல் ஏரியா) ஸ்ட்ரையேட்டத்தின் அடிப்பகுதியான அக்கம்பென்ஸ்: நாட்டம், ஊக்கம். அதே வி.டி.ஏ.விலிருந்து நெற்றிக்குப் பின்னுள்ள ப்ரீஃப்ரன்டல் கார்டெக்ஸ்: கவனம், திட்டமிடல். ஹைப்போதலாமஸிலிருந்து பிட்யூட்டரி: பால் சுரக்கவைக்கும் ஹார்மோனான புரோலாக்டினுக்குக் கடிவாளம்.

ஒரு கேள்வி: ஸ்கிசோஃப்ரினியாவுக்கு ஹாலோபெரிடால் சாப்பிடும் பெண்ணுக்குக் காதில் கேட்ட குரல்கள் அடங்கிவிட்டன. ஆனால் கை கால் விறைக்கிறது, மார்பில் பால் கசிகிறது. ஏன்? டோபமைன் வந்து ஒட்டும் டி2 ஏற்பியை மருந்து நாலு கோட்டிலும் அடைக்கிறது. இரண்டாவதில் அடைத்ததால் குரல் அடங்கியது, முதலாவதில் விறைப்பு, நாலாவதில் கடிவாளம் விட்டுப்போய் புரோலாக்டின் ஏறியது. மூன்றாவதை மறக்காதீர்கள், மந்தம் கூடலாம். ஸ்ட்ரையேட்டத்தில் டி2 ஏற்பிகள் ஏறத்தாழ 80 சதவீதத்துக்கு மேல் அடைபட்டால் விறைப்பு வரும் வாய்ப்பு அதிகம் என்று ஒரு வரி சேர்த்தால் விடைக்குக் கனம் வரும்.

பார்கின்சனில் நைக்ரா செல்கள் ஏன் முதலில் சாகின்றன என்பதற்குப் பாதிப் பேர் ‘லூவி பாடி’ (செல்லுக்குள் சேரும் புரதக் கட்டி) என்று எழுதிவிட்டு எழுந்துவிடுகிறார்கள். போதாது. யாரும் தூண்டாமலே இவை வினாடிக்குச் சில முறை தாமாகவே துடிக்கின்றன. ஒவ்வொரு துடிப்பிலும் கால்சியம் உள்ளே வருகிறது, அதை வெளியேற்ற மைட்டோகாண்ட்ரியா ஓயாமல் உழைக்க வேண்டும். போதாக்குறைக்கு, எலியிலேயே ஒரு நைக்ரா செல்லின் ஆக்சான் லட்சத்துக்கு மேற்பட்ட இணைப்புகளைத் தாங்குகிறது. பக்கத்து வி.டி.ஏ. செல்களுக்கு இவ்வளவு பளு இல்லை, அதனால் அவை கூடுதலாகத் தாக்குப்பிடிக்கின்றன. லூவி பாடியில் சேரும் புரதமான ஆல்ஃபா சைனுக்ளியினை இதற்கு அப்புறம் எழுதுங்கள்.

மனப்பாடம் எனக்கு வராது. இவற்றை மட்டும் நெட்டுருப் போட்டேன்:

- டைரோசின் ஹைட்ராக்சிலேஸ்: டோபமைன் உற்பத்தி வேகத்தைத் தீர்மானிக்கும் நொதி.
- டி1 ஏற்பி, செல்லுக்குள் செய்தி கடத்தும் சைக்ளிக் ஏ.எம்.பி.யை ஏற்றும், டி2 இறக்கும்.
- வெளிவந்த டோபமைனைத் திரும்ப உள்ளே இழுக்கும் டிரான்ஸ்போர்ட்டரைக் கொக்கெயின் அடைக்கும். ஆம்ஃபெடமைன் அதைத் தலைகீழாக ஓட்டும்.
- கார்பிடோபா மூளைக்குள் போகாது. டோபமைனாக மாறும் மருந்தான லெவோடோபா மூளைக்கு வெளியிலேயே மாறிவிடாமல் தடுக்கும்; அதற்காகத்தான் அதோடு கொடுக்கிறோம்.
- டோபமைன் மூளையில் தனியே செய்தி கடத்துகிறது என்று காட்டிய கார்ல்சன்: 1957, நோபல் 2000. பார்கின்சன் மூளையில் டோபமைன் குறைவைக் காட்டியது ஹார்னிகீவிச், 1960.
- நரம்பியலாளர் ஷுல்ட்ஸின் குரங்குகள்: எதிர்பாராத பழச்சாறு கிடைத்தால் டோபமைன் செல் வேகமாகச் சுடும், எதிர்பார்த்தது வராவிட்டால் சட்டென அடங்கும். அது சொல்வது எதிர்பார்த்ததுக்கும் கிடைத்ததுக்கும் உள்ள வித்தியாசத்தை; “இன்ப ரசாயனம்” என்று எழுதி மார்க்கை விடாதீர்கள்.

டோபமைன் ஏற்பிகளைத் தூண்டும் பிராமிபெக்சோல் மருந்தை எடுக்கும் பார்கின்சன் நோயாளிக்குத் திடீரென்று சூதாட்ட வெறி வருவது ஏன் என்றும் கேட்டிருந்தார்கள். பலர் தொடவே இல்லை. கோடு போட்டவனுக்கு இது இனாம் மார்க்: முதல் கோடு வற்றியிருக்கிறது, இரண்டாவது பெரும்பாலும் அப்படியே இருக்கிறது. முதலாவதுக்கு அளந்து கொடுத்த மருந்து இரண்டாவதுக்கு மிகையாகிவிடுகிறது, அதிலும் இந்த மருந்து விரும்பி ஒட்டும் டி3 ஏற்பிகள் அக்கம்பென்ஸில் அதிகம். சிகிச்சை என்று கேட்டால் மருந்தைப் படிப்படியாகக் குறைப்பது. சட்டென நிறுத்துவது என்று எழுதாதீர்கள்.