கைக்குழாய்க் கணக்கு

தென்காசிக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை பார்த்தேன். பிற்பகல் மூன்று மணிக்கு மேல் அங்கே ஆள் வராது. வந்தாலும் மின்விசிறிக்காக வருபவர்கள்தான். அவர்களில் நான்கைந்து பேரைப் பிடித்து உட்கார வைத்து, செங்கோட்டை வட்டாரத்து ஊர்களைப் பற்றித் தமிழ் விக்கிப்பீடியாவில் எழுத வைத்தேன். 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானபோது, கட்டுரைகளில் ‘திருநெல்வேலி மாவட்டம்’ என்று இருந்ததையெல்லாம் திருத்த வேண்டியிருந்தது. அந்தச் சாக்கில் தொடங்கிய வேலை.

திருத்த உள்ளே போனால்தான் வண்டவாளம் தெரிந்தது. ஊராட்சிக் கட்டுரைகள் பல ஒரே அச்சில் வார்த்தவை. 2011 மக்கள்தொகை, எந்தச் சட்டமன்றத் தொகுதி, குடிநீர் இணைப்பு எத்தனை, கைக்குழாய் எத்தனை. கைக்குழாய்க் கணக்கு தெரிந்த கட்டுரைக்கு, அந்த ஊர் 1956 அக்டோபர் வரை வேறொரு மாநிலத்தில் இருந்தது தெரியவில்லை. செங்கோட்டை திருவிதாங்கூரில் இருந்தது, பிறகு திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது, 1956 நவம்பர் 1 அன்று சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. ஊரில் வயதானவர்கள் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி இது. கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை.

எல்லையோரத்து ஊர்களுக்கு வரலாறு இல்லாமல் இல்லை, அது அடுத்த வீட்டு அலமாரியில் இருக்கிறது. எனக்கு இது புரியவே ஆறு மாதம் ஆனது. எங்கள் பக்கத்து ஊர் எதைப் பற்றித் தேடினாலும் முதலில் எடுப்பது, பேட் என்ற ஆங்கிலேய அதிகாரி எழுதிய 1917ஆம் ஆண்டின் திருநெல்வேலி கெசட்டியர், அதாவது மாவட்ட விவரத் தொகுப்பு. தென்காசி, அம்பாசமுத்திரம் எல்லாம் அதில் விரிவாக உண்டு. செங்கோட்டை மகாராஜாவின் சீமை, அந்தப் புத்தகத்தின் கணக்கில் வராது. சரி, திருவிதாங்கூர்ப் பக்கம் போவோம் என்றால், நாகமய்யா 1906இல் வெளியிட்ட ஸ்டேட் மானுவல், அந்தச் சமஸ்தானத்தின் விவரத் தொகுப்பு, மூன்று தொகுதி. திருவனந்தபுரத்திலிருந்து பார்த்தால் செங்கோட்டை மலைக்கு அந்தப் பக்கம் கிடக்கும் ஊர். இருக்கிறது, ஆனால் சிதறிக் கிடக்கிறது. மக்கள்தொகைக் கணக்கும் அப்படியே. 1951 வரைக்குமான எண் வேண்டுமானால் மலையைத் தாண்டித்தான் தேட வேண்டும்.

அதோடு பெயர்க் குழப்பம். பழைய ஆவணங்களில் ‘ஷென்கோட்டா’. மலையாளத்தில் ‘செங்கோட்ட’. தமிழில் தேடினாலோ, தில்லிச் செங்கோட்டையில் பிரதமர் கொடியேற்றும் படம் வந்து நிற்கும். எப்படித் தேடினாலும் சரியான கட்டுரைக்கே கொண்டுபோய் விடும்படி, ஒவ்வொரு எழுத்துக்கூட்டலுக்கும் ஒரு வழிமாற்றுப் பக்கம் போட்டோம். யாரும் பாராட்டாத வேலை. ஆனால் நாங்கள் செய்ததில் உருப்படியானது அதுதான் என்று இப்போதும் நினைக்கிறேன்.

உருப்படாததையும் சொல்ல வேண்டும். ஒரு கிராமத்துக் கிணற்றின் கைப்பிடிச் சுவரில் 1085 என்று வெட்டியிருந்தது. இரண்டாமாண்டு மாணவர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, ‘கி.பி. 1085இல் கட்டப்பட்டது’ என்று எழுதினார். அதோடு விட்டிருக்கலாம். ‘அப்போது முதலாம் குலோத்துங்கன் ஆட்சி’ என்று ஒரு வரியும் சேர்த்தார். அது கொல்லம் ஆண்டு. மலையாள ஆண்டுக்கு 824 அல்லது 825 கூட்டினால்தான் நம் கணக்கு வரும். 1909 ஆகஸ்டிலிருந்து 1910 ஆகஸ்டுக்குள் வெட்டிய கல். நான் கவனித்தபோது இரண்டு மாதம் ஓடியிருந்தது. திருத்தினேன். மறுநாள் யாரோ பழையபடி மாற்றியிருந்தார்கள், இந்த முறை சான்றோடு. ஒரு நாளிதழின் இணைப்பில் ‘சோழர் காலக் கிணறு’ என்று கட்டுரை வந்திருந்தது. படித்துப் பார்த்தால் வரிக்கு வரி எங்கள் மாணவர் எழுதியது. எங்கள் தவறே அச்சேறி, எங்களுக்கு எதிரான சாட்சியாகத் திரும்பி வந்திருக்கிறது. உரையாடல் பக்கத்தில் ஒரு வாரம் மன்றாடித்தான் குலோத்துங்கனை இறக்கினேன். கிணற்றுக்குச் சொந்தக்காரர் என்மேல் இன்னும் வருத்தமாக இருப்பதாகக் கேள்வி. ஆயிரம் வருஷக் கிணற்றை நூறு வருஷமாக்கிவிட்டேனாம்.

இதற்கு நேர் எதிரான சங்கடம் ஒன்றும் உண்டு. ஒரு மாணவியின் பாட்டி, எண்பது தாண்டியவர். பேத்தி பேசிப் பதிவுசெய்துகொண்டு வந்தாள். “நாங்க மகாராசா ஊர்க்காரங்கல்லா. தென்காசின்னா அது வெள்ளக்காரன் ஊரு. அங்கருந்து போயில வாங்கியாந்தா சவுக்கைல புடிச்சிருவான். எங்கப்பா மடில வச்சுக் கொண்டாந்து அம்புட்டுக்கிட்டு, அஞ்சு சக்கரம் குடுத்துட்டு வந்தாரு.” சவுக்கை என்றால் எல்லையில் இருந்த சுங்கச் சாவடி. சக்கரம் என்றதும் பேத்தி வண்டிச் சக்கரம் என்று நினைத்திருக்கிறாள். நாணயம் அது. பதினாறு காசு ஒரு சக்கரம், இருபத்தெட்டுச் சக்கரம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். இதற்குப் புத்தகச் சான்று உண்டு, எழுதிவிட்டோம். பாட்டியின் அப்பா மாட்டிக்கொண்ட கதைக்கு? ஒலிப்பதிவு சான்றாகாது, சொந்த ஆய்வுக்கு இடமில்லை என்று நீக்கிவிட்டார்கள். அந்தப் பெண் அழுதேவிட்டாள்.

விதி சரியான விதிதான். குலோத்துங்கனைத் துரத்த எனக்கு உதவியதும் அதே விதி. ஆனால் அச்சில் ஏறுவது யார் கதை என்பதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. செங்கோட்டை வாஞ்சிநாதன் 1911 ஜூன் 17 அன்று மணியாச்சியில் கலெக்டர் ஆஷைச் சுட்டதற்குக் கட்டுக்கட்டாகச் சான்று கிடைக்கும். அதே செங்கோட்டையைச் சேர்ந்த ஆவுடையக்காளின் வேதாந்தப் பாட்டுகள், பெண்கள் வாய்ப்பாடமாகப் பாடி வைத்திருந்ததால் பிழைத்து, பிறகு அச்சேறின. அச்சேறியதால் எங்களாலும் எழுத முடிந்தது. பாட்டியின் புகையிலைக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

படங்கள் விஷயத்தில் அவ்வளவு தொல்லை இல்லை. ஊருக்குள் நுழையும் வளைவை, அதன் உச்சியில் திருவிதாங்கூர்ச் சங்குச் சின்னம் தெரிகிற மாதிரி, காலை ஏழு மணிக்கு லாரி இல்லாத அரை நிமிடத்தில் எடுத்தோம். 1904இல் கொல்லத்துக்குப் போட்ட பழைய மலை ரயில் பாதைக்குத்தான் படமில்லை. ஒரு மாணவர் வாட்ஸப்பில் வந்த மீட்டர்கேஜ் ரயில் படத்தை ஏற்றினார், எடுத்தவர் யாரென்று தெரியாததால் போய்விட்டது. அந்த ரயில் 2010இல் நின்றது. 2018இல் அகலப்பாதையாகத் திரும்பி வந்தது. பழைய ரயிலை இனிப் போய் எடுக்க முடியாது. சொந்த ஆல்பத்தில் வைத்திருப்பவர் மனமுவந்து உரிமம் கொடுத்தால் உண்டு. வீடுவீடாகக் கேட்டுப் பார்த்தோம். காப்பி கொடுத்தார்கள், ஆல்பத்தைக் காட்டினார்கள். கையெழுத்து என்றதும், மகன் வரட்டும் என்றார்கள்.

போன மாதம் புகையிலைப் பாட்டியின் பேத்தி போன் பண்ணினாள். இப்போது வேறு ஊரில் வேலை. பழைய திருவிதாங்கூர் நிர்வாக அறிக்கைகளை வருடவாரியாகப் புரட்டிக்கொண்டிருக்கிறாளாம். “சவுக்கை கெடச்சிருச்சு சார், தாத்தா இன்னும் கெடைக்கல” என்றாள்.