மென்டல் ஓபி சீட்டுக்குப் பயந்து ஒன்றரை வருஷம் வீணாக்கினேன்

புருஷன் வீட்ட விட்டு வெளிய வந்து ரெண்டு வருஷம் ஆச்சு, இப்பதான் எழுதுற தெம்பு வந்திருக்கு. ஊர் பேரு வேணாம், தென் மாவட்டம்னு மட்டும் வச்சுக்கோங்க. அடி எப்படி ஆரம்பிச்சதுன்னெல்லாம் எழுதப்போறதில்ல, பட்டவங்களுக்குத் தெரியும். என்னைய கட்டிப்போட்டது அடி இல்ல, எங்க வீட்டுக்காரரு வாய்க்கு வாய் சொல்ற ஒரு வார்த்தைதான். "நீ மென்டல்டி, கோர்ட்டுக்குப் போனா பாப்பாவ எங்கிட்டதான் குடுப்பாங்க." இதக் கேட்டுக் கேட்டே தூக்கமில்லாம, சோறு எறங்காம, அடுப்புல பால் பொங்குறதப் பாத்துட்டே நிக்கிற நெலமைக்கு வந்தப்பக்கூட டாக்டர்ட்ட போகல. மனநல ஓபி சீட்டு ஒன்னு கைக்கு வந்தா அதையே காட்டி புள்ளைய பிடுங்கிருவாருன்னு பயம்.

அதுக்கு நடுவுல ஒரு தடவ மகளிர் ஸ்டேஷன் போனேன். அவரக் கூப்பிட்டு வச்சு அரை மணி நேரம் பேசி, "சின்ன புள்ள இருக்குல்ல, அனுசரிச்சுப் போங்க"ன்னு ரெண்டு பேரையும் ஒரே பைக்ல அனுப்பி வச்சாங்க. புகார் குடுத்தா, அத வாங்கிக்கிட்டதுக்கு ஸ்டேஷன்ல குடுக்குற சிஎஸ்ஆர் ரசீது கேட்டு வாங்கணும்னு அப்ப எனக்குத் தெரியாது. அன்னிக்கு ராத்திரி எப்படி இருந்திருக்கும்னு நீங்களே நெனச்சுக்கோங்க.

ஒரு நாள் ராத்திரி ரெண்டு மணி இருக்கும், செத்துரலாம்ங்கிற நெனப்பு வந்து, போக மாட்டேங்குது. பாத்ரூமுக்குள்ள போய் சத்தம் கேக்காம இருக்க குழாயத் தொறந்து விட்டுட்டு 14416 அடிச்சேன். மனசு சரியில்லாதவங்க பேசுற ஹெல்ப்லைன், டெலி மானஸ்னு பேரு, 2022 அக்டோபர்ல சென்ட்ரல் கவர்மென்ட் ஆரம்பிச்சது, எந்நேரமும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம், காசு கிடையாது. பாப்பாவுக்கு ஊசி போடப் போனப்ப ஜிஹெச் சுவத்துல பாத்த நம்பர் அது. எந்த பாஷைன்னு கேட்டு பட்டன் அமுக்கச் சொல்றாங்க, கை நடுங்கி தப்பா அமுக்கி, மறுபடி அடிச்சு... எடுத்த பொண்ணு மொதல்ல கேட்டது "இப்ப பத்திரமா இருக்கீங்களாம்மா, பக்கத்துல யாரு இருக்கா"ன்னு. புத்திமதி சொல்லல. நான் அழுது முடிக்கிற வரைக்கும் லைன்ல இருந்துச்சு. அப்புறம்தான் பொம்பளைங்களுக்கான ஹெல்ப்லைன் 181 பத்தியும், ஜிஹெச்லயே மனநல ஓபி இருக்குன்னும் சொல்லுச்சு. (பேசி முடிச்சதும் கால் லிஸ்ட்ல இருந்து நம்பர அழிச்சிருங்க, எங்க வீட்ல போன் செக்கிங் தினமும் நடக்கும்.)

181க்கு அடிச்சா உடனே போலீஸ் வந்து நிக்கும்னு நெனச்சிருந்தேன், அதான் இழுத்தடிச்சேன். அப்படி ஒன்னும் இல்ல, கேஸ் போடணுமா வேணாமான்னு நம்மதான் சொல்லணும். அவங்க சகி சென்டருக்குப் போகச் சொன்னாங்க. ஒன் ஸ்டாப் சென்டர்னும் சொல்வாங்க, ஒருங்கிணைந்த சேவை மையம்னு போர்டு இருக்கும், ஆட்டோக்காரருக்கு மூணு பேருமே தெரியல, கடைசில நானே போன் போட்டு வழி கேட்டுப் போனேன். பாப்பாவோட அஞ்சு நாள் தங்கினேன். சாப்பாடு, கவுன்சிலிங் எல்லாம் அங்கயே. முதல் நாள் பதினாலு மணி நேரம் தூங்கியிருக்கேன்.

ஜிஹெச்சுக்கு அங்க இருந்த அக்கா கூட வந்தாங்க. முன்னாடியெல்லாம் கேஷுவாலிட்டில "படியில விழுந்துட்டேன்"னு சொல்லியே பழக்கம். இந்தத் தடவ "புருஷன் அடிச்சாரு"ன்னு சொன்னேன், ஏஆர் (காயம் எப்படி பட்டுச்சுன்னு ஆஸ்பத்திரில எழுதி வைக்கிற பதிவு) போட்டாங்க. அந்த ஏஆர் காப்பி ரொம்ப முக்கியம், கேட்டு வாங்குங்க. மனநல ஓபி வாசல்ல மட்டும் கால் வரல. அந்த அக்காகிட்ட சீட்டு விஷயத்தச் சொன்னேன். "மொதல்ல மருந்த வாங்கு, சீட்டு விஷயத்த வக்கீல்ட்ட கேப்போம்"னாங்க. உள்ள போயிட்டேன்.

வக்கீலும் இலவசம்தான். பொம்பளைங்களுக்கு வருமானமே பாக்காம சட்ட உதவி உண்டு, 1987 சட்டத்துலயே இருக்கு. ஜில்லா கோர்ட் வளாகத்துல சட்டப் பணிகள் ஆணைக்குழு ஆபீஸ் இருக்கும், 15100க்கு அடிச்சும் கேக்கலாம். அங்க குடுத்த வக்கீல் மேடம் என் ஓபி சீட்டையெல்லாம் தேதி வாரியா அடுக்கிப் பாத்துட்டு "இதுக்கா பயந்தீங்க, நமக்கு நல்லதே இதுதான்"னாங்க. 2005 குடும்ப வன்முறைச் சட்டத்துல மனசளவுல பண்ற கொடுமையும் வன்முறைதானாம், அடிபட்ட தேதியும் டாக்டர பாத்த தேதியும் ஒட்டி ஒட்டி வர்றது நமக்குத்தான் பலம்னு விளக்குனாங்க. டிப்ரஷனுக்கு மாத்திரை போடுறாங்கங்கிற ஒரே காரணத்துக்காக தாய்கிட்ட இருந்து புள்ளைய எடுத்துற மாட்டாங்கன்னும் சொன்னாங்க. ஒன்றரை வருஷம் எதுக்குப் பயந்தேனோ அதையே கவர்ல போட்டு பைலோட சேத்தாங்க. எனக்கு அங்கேயே சிரிப்பு வந்துருச்சு, அழுகையும்தான்.

கலெக்டர் ஆபீஸ்ல சமூக நலத்துறைல பாதுகாப்பு அலுவலர் இருப்பாங்க. அந்த மேடம் நடந்தத எழுதி டிஐஆர் (குடும்ப வன்முறை பத்தின ரிப்போர்ட்) தயார் பண்ணி மேஜிஸ்ட்ரேட்டுக்கு அனுப்புனாங்க. நான் ரெண்டு தடவ முன்னுக்குப் பின் முரணா சொன்னேன், கோவிச்சுக்கல. தேதி ஞாபகம் இல்லன்னா தீபாவளிக்கு முன்னாடி, பாப்பா பொறந்தநாள் அன்னிக்குன்னு சொல்லுங்க, அது போதும்.

எல்லாம் வேகமா நடந்துச்சுன்னு பொய் சொல்ல மாட்டேன். மனுவ 60 நாள்ல முடிக்கப் பாக்கணும்னு சட்டத்துல இருக்கு, எனக்கு இடைக்கால உத்தரவு வரவே நாலு மாசம் ஆச்சு. அதுவரைக்கும் அம்மா வீடுதான், அண்ணி மூஞ்சியும்தான். இப்ப பாப்பா எங்கூட இருக்கா, கேஸ் இன்னும் ஓடுது, மாத்திரை ஒன்னா கொறஞ்சிருக்கு.

செலவு எவ்வளவு ஆச்சுன்னு எங்க சித்தி கேட்டாங்க. டவுன் பஸ்ல நமக்கு டிக்கெட் இல்ல. ஜெராக்ஸ் கடைக்காரருக்குக் குடுத்தது மட்டும்தான்.