எழும்பூரில் நடந்த அந்த ஃபைனல்

ஹாக்கின்னா இந்தியா ஆடும்போது மட்டும் பார்க்கிற நண்பர்களுக்காக இது. 2023 நவம்பரில் தேசிய சீனியர் ஆண்கள் ஹாக்கி சாம்பியன்ஷிப் நம்ம எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் மைதானத்தில்தான் நடந்தது. ஆகஸ்டில் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை ஃபைனலில் இந்தியா மலேசியாவை 4-3 என ஜெயித்த அதே மைதானம்.

ஃபைனல் பஞ்சாபுக்கும் ஹரியானாவுக்கும். முழு நேரத்தில் 2-2. அப்புறம் ஷூட் அவுட். ஒரு வீரர் தனியாக 23 மீட்டர் கோட்டிலிருந்து பந்தைக் கொண்டுவந்து, எட்டே நொடிக்குள் கோல்கீப்பரை ஏமாற்றி உள்ளே தள்ளணும். அணிக்கு ஐந்து வாய்ப்பில் முடிந்திருக்கவேண்டியது, முடியாமல் சடன் டெத்துக்கு (ஒரு அணி கோல் போட்டு மற்றது தவறவிட்டால் அங்கேயே முடிவு) போய், கடைசியில் 9-8 என பஞ்சாப் ஜெயித்தது. இப்படி ஒரு முடிவை உலகக் கோப்பையில் பார்த்திருந்தால் வருஷக்கணக்கில் பேசியிருப்போம்!

நம்ம தமிழ்நாடு? அதுதான் எனக்கு இன்னும் ஆறாத விஷயம். 2022இல் போபாலில் ஃபைனல் வரை போய் ஹரியானாவிடம் ஷூட் அவுட்டில் தோற்றோம். 2023 அரையிறுதியிலும் அதே ஹரியானா, அதே ஷூட் அவுட். ஆனால் பசங்க துவண்டுபோகவில்லை. கர்நாடகாவை 5-3 என வென்று மூன்றாமிடம் பிடித்தார்கள். அரியலூர் கார்த்தி செல்வம் இந்திய அணிவரை போனதும் இந்த மாதிரி உள்ளூர்க் களங்களில் வளர்ந்துதான்.

2024லும் போட்டி சென்னைக்கே வந்தது. ஹரியானாவை 5-1 என வீழ்த்தி ஒடிசா முதல்முறையாகக் கோப்பையைத் தூக்கியது. அடுத்த முறை எழும்பூரில் நடந்தால் குழந்தைகளையும் கூட்டிட்டு வாங்க.