எழுத்து இல்லாத போர்டு

மே 4, சனி

இன்று கத்திரி தொடங்குகிறது. வேலூரில் இருப்பவனுக்கு இதைப் பஞ்சாங்கம் பார்த்துச் சொல்ல வேண்டியதில்லை. காலை எட்டு மணிக்கே மாடிப்படிக் கைப்பிடி சுடுகிறது. அதனால் ஐந்து மணிக்கு எழுந்து ஏழரைக்குள் வேலையை முடித்துக்கொள்வதாக ஏற்பாடு.

சத்துவாச்சாரியில் தெரிந்த தச்சுப் பட்டறை ஒன்றில் அலமாரிக்கு அறுத்தது போக மிஞ்சிய எம்.டி.எஃப். (மர நாரை அழுத்திச் செய்த பலகை) துண்டுகளைச் சும்மாவே கொடுத்தார்கள். ஆறு அங்குலச் சதுரமாக அறுக்கச் சொன்னேன். 24 தேறியது. ஓவியத் தொடர் என்று பெரிதாகச் சொல்லிக்கொள்கிறேனே தவிர, அளவையும் எண்ணிக்கையையும் முடிவு செய்தது மிச்சப் பலகைதான்.

நான் போர்டு எழுதிப் பிழைத்தவன். ஃப்ளெக்ஸ் வந்து அந்தத் தொழிலை வாரிக்கொண்டு போகும்வரை கடைப் பெயர், கல்யாண மண்டபம், சுவர் விளம்பரம் எல்லாம் எழுதியிருக்கிறேன். இருபதடிச் சுவர் என்றால் தோளிலிருந்து கை ஓடும். ஆறு அங்குலத்தில் மணிக்கட்டு மட்டும்தான் அசைகிறது. இதுவரை முடித்த நாலும் பெட்டிக்கடை போர்டில் எழுத்தை மட்டும் அழித்ததுபோல இருக்கின்றன. சுற்றிலும் பார்டர், நடுவில் பளிச்சென்று மஞ்சள். கீழே ஃபோன் நம்பருக்கு இடம்கூட விட்டிருக்கிறேன்! கைப்பழக்கம்.

மே 7, செவ்வாய்

ஆறாவது பலகை. பாலாற்று மணல் நிறம் வேண்டியிருந்தது. காட்பாடி பாலத்திலிருந்து பார்த்தால் தெரிகிற, சாம்பலும் இல்லாத மஞ்சளும் இல்லாத அந்த நிறம். காவியில் வெள்ளையும் துளி நீலமும் கலந்து கிட்டத்தட்டப் பிடித்துவிட்டேன். டீ குடித்துவிட்டு வந்தால் அது வேறு நிறம்.

இப்போது நான் அடிக்கிற, தண்ணீரில் கரைக்கும் அக்ரிலிக் வண்ணத்தின் குணம் இது. அதன் பசை ஈரத்தில் பால்போல் வெளுத்திருக்கும், காய்ந்தால் தெளிந்துவிடும். அந்த வெளுப்பு போனதும் நிறம் ஒரு படி இருண்டுவிடுகிறது. எண்ணெய் வண்ணமான எனாமலில் இந்தத் தொல்லை குறைவு, காய நேரமும் கொடுக்கும். இங்கே கத்திரியில் தூரிகையை எடுத்து வைப்பதற்குள் பெயிண்ட் இறுகுகிறது. இப்போது தட்டில் ஈரத்துணி விரித்து அதன்மேல் வெண்ணெய்த்தாள் போட்டுக் கலக்குகிறேன். ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கிறது.

மே 8, புதன்

கரண்ட் இல்லை. வேலையும் இல்லை.

மே 12, ஞாயிறு

ஒன்பதாவது பலகையை வீணாக்கினேன். தப்பு முழுக்க என்னுடையது. டப்பாவின் அடியில் கொஞ்சம் சிவப்பு எனாமல் கிடந்தது. வீணாகப் போகிறதே என்று அதையே பேஸாக அடித்து, காய்ந்த பிறகு மேலே அக்ரிலிக் போட்டேன். இன்று நகம் பட்டதும் வாழைப்பட்டை உரிகிற மாதிரி மொத்தமாக உரிந்து வந்துவிட்டது. எண்ணெய் வண்ணத்தின் வழவழப்பின்மேல் தண்ணீர் வண்ணம் பிடிக்காது. எடுபிடிப் பையனாகச் சேர்ந்தவனுக்கே இது தெரியும். உரிந்த தோலைத் தூக்கிப் போட மனம் வரவில்லை. ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி வைத்திருக்கிறேன், வெளிச்சத்தில் நன்றாகத்தான் இருக்கிறது.

மத்தியானம் ஓவியர் ஆதிமூலத்தைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தேன். கோட்டோவியத்துக்கும் புத்தகத் தலைப்பு எழுத்துக்கும் பேர்போன கை அது. 1969-ல், காந்தி நூற்றாண்டின்போது அவர் வரைந்த காந்தி கோட்டோவியங்களை இன்றும் பேசுகிறார்கள். அப்பேர்ப்பட்டவர் பிற்காலத்தில் கோடுகளை விட்டுவிட்டு வெறும் வண்ணத்துக்குப் போனார். கோடு வராதவன் அங்கே ஒதுங்குவது வேறு, கோடே கைக்குள் இருந்தவர் போவது வேறு. என்னை அவரோடு வைத்துப் பேசவில்லை. எழுத்தை விட்டு வந்தவன் என்கிற ஒரே ஒட்டு.

தச்சுப் பட்டறைக்காரர் வந்து பார்த்தார். "இன்னாண்ணா, போர்டுல பேரே காணோம்?" என்றார். இந்த ஊரைப் பற்றி ஒரு பழைய கிண்டல் உண்டே: தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை, சாமி இல்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை. சாமி 1981-ல் ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குத் திரும்பிவிட்டார். பாலாறும் 2021 நவம்பரில் கரை புரண்டு ஓடிக் காட்டியது. காலியான இடத்துக்கு எழுத்து இல்லாத போர்டு என்று சேர்த்துக்கொள்ளச் சொன்னேன். சிரித்தார். போகும்போது எட்டாவதைக் கையில் எடுத்து ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, தலைகீழாக வைத்துவிட்டுப் போனார். அப்படியே விட்டுவிட்டேன், அதுதான் சரி.

மே 17, வெள்ளி

விடியற்காலையில் நல்ல மழை. ஆறரைக்குப் பால் வாங்கப் போனவன் காகிதப்பட்டறைப் பக்கம் ஒரு பழைய குடோன் சுவர் முன்னால் நின்றுவிட்டேன். வருஷக்கணக்காக வெறும் வெள்ளைச் சுவர்தான் அது. இன்று அதில் எழுத்து தெரிந்தது. வாழைக்காய் மண்டி. பாதி நீலம், பாதி மங்கல். 'ழை'யின் கீழ்க் கொக்கியைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது, என் கை. நூல் தட்டிக் கோடு போட்டதும், அந்தக் கொக்கி கோட்டுக்குக் கீழே இறங்கிவிட்டதென்று வாத்தியார் திட்டியதும் ஞாபகம் வந்தது.

சுண்ணாம்பு நனைந்தால் உள்ளே இருப்பதைக் காட்டும், காய்ந்தால் மூடிக்கொள்ளும். அக்ரிலிக்குக்கு நேர் எதிர். எவ்வளவு சுவருக்கு வெள்ளையடித்திருக்கிறேன், இதை ஒருநாளும் நின்று பார்த்ததில்லை. வெயில் ஏறியது. முதலில் 'மண்டி' போனது, அப்புறம் 'வாழை'. கொக்கி மட்டும் கொஞ்ச நேரம் நின்றது. பால் வாங்க மறந்துவிட்டேன்.

மே 18, சனி

பதினைந்தாவது பலகையில் அந்த 'ழை'யை எழுதினேன். பலகை கொள்ளாத அளவுக்குப் பெரிதாக. எழுத்தே கூடாது என்று எனக்கு நானே போட்ட சட்டம் போயிற்று. அதன்மேல் வெள்ளையைத் தண்ணீராகக் கரைத்து அடித்தேன். டைட்டானியம் வெள்ளை பொல்லாதது, மூன்று பூச்சிலேயே எல்லாவற்றையும் விழுங்கிவிட்டது. உப்புத்தாளை நனைத்துத் தேய்த்தேன். நீலம் அங்கங்கே எட்டிப் பார்த்தது. மறுபடி வெள்ளை, மறுபடி உப்புத்தாள். ஏழு தடவை. இப்போது அது எழுத்தா என்று கேட்டால் எழுதிய எனக்கே சந்தேகம்.

வீட்டுக்காரி காப்பி கொண்டுவந்தவள் குனிந்து பார்த்தாள். "இன்னாங்க இது, பால் பொங்கி வழிஞ்ச அடுப்பு மாதிரி இருக்குது?" நேற்று பால் வராத கோபமும் அதில் கொஞ்சம் இருந்தது. ஆனால் அவள் சொன்னபிறகு எனக்கும் அப்படித்தான் தெரிகிறது.

முதல் நாலையும் எடுத்து அந்த மஞ்சளின் மேலேயே வெள்ளையடிக்கலாம் என்று பார்த்தேன். டியூபில் வெள்ளை இல்லை. நாளை ஞாயிறு, கடை திறக்க மாட்டார்கள்.