பேக்கர் ஏற்றத்தில் வண்டி நின்றது, வீடும் நின்றது

லாஸ் வேகஸ் போகும் ஐ-15 நெடுஞ்சாலையில், மொஹாவே பாலைவனத்துக்கு நடுவே பேக்கர் என்று ஒரு சின்ன ஊர் இருக்கிறது. 134 அடி உயரத்துக்கு ஒரு தெர்மாமீட்டரை நட்டு வைத்திருக்கிறார்கள். 1913 ஜூலை 10 அன்று டெத் வேலியில் பதிவான 134 டிகிரி ஃபாரன்ஹீட்டின் நினைவாக அந்த உயரம். போகிறவர்கள் எல்லாரும் அதைப் படம் எடுத்துக்கொண்டு, பெட்ரோல் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். ஊரின் உயரம் கடல் மட்டத்துக்கு மேல் 930 அடி சொச்சம்தான். ஊர் எல்லையைத் தாண்டியதும் சாலை ஏறத் தொடங்குகிறது. இருபது மைலுக்குள் ஹாலோரன் சம்மிட், கிட்டத்தட்ட 4,000 அடி. வண்டி சூடாகாமல் இருக்க ஏசியை அணைத்துவிடுங்கள் என்று சாலையோரப் பலகையே சொல்லும். பார்வைக்கு மலை மாதிரி தெரியாது. கண்ணுக்கெட்டிய தூரம் நேர்க்கோடாக ஒரு தார்ச்சாலை, அவ்வளவுதான். அதனால்தான் நிறைய வண்டிகள் இங்கே மாட்டிக்கொள்கின்றன.

நாங்கள் யூட்டாவில் உள்ள சயான் தேசியப் பூங்காவுக்குப் போய்க்கொண்டிருந்தோம். அங்கே வாட்ச்மேன் முகாமில் இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. ஆறு மாதத்துக்கு முன்பே முன்பதிவு திறக்கும், திறந்த வேகத்தில் தீர்ந்தும்விடும். பின்னால் எங்கள் டிரெய்லர். இரண்டு படுக்கை, சின்ன அடுப்படி, கழிப்பறை எல்லாம் உண்டு. இழுப்பது ஆறு சிலிண்டர் எஸ்யூவி, பழைய வண்டியாக வாங்கியது. 6,000 பவுண்டு இழுக்கலாம் என்று கையேடு சொல்கிறது. லாரிகளை எடை போடும் மேடையில் ஏற்றிப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினோம். சாமான்களோடு டிரெய்லர் 4,600 பவுண்டு, அதில் கொக்கியின் மேல் விழும் பாரம் 560. பத்திலிருந்து பதினைந்து சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பார்கள், இருந்தது. கலிபோர்னியாவில் டிரெய்லர் இழுத்தால் 55 மைல் வேகத்தைத் தாண்டக் கூடாது. அதையும் தாண்டவில்லை.

ஓட்டியது நான். பக்கத்து சீட்டில் என் கணவர், கையில் போன். டாஷ்போர்டுக்குக் கீழே இருக்கும் ஓபிடி சாக்கெட்டில் ஒரு புளூடூத் கருவியைச் செருகி வைத்திருந்தோம். வண்டி தன் கணக்கில் வைத்திருந்தும் நமக்குக் காட்டாத எண்களை அது காட்டும். அதில் எங்களுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று, டிரான்ஸ்மிஷன் எண்ணெயின், அதாவது கியர்பாக்ஸுக்குள் ஓடும் எண்ணெயின் சூடு. பேக்கரைத் தாண்டும்போது 196 டிகிரி ஃபாரன்ஹீட். ஒரு குறையும் இல்லை.

ஏற்றம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் வண்டி லேசாக நடுங்கியது. சாலையில் வரிவரியாக வெட்டி வைத்த இடத்தில் ஏறினால் வருமே, அந்த மாதிரி. சக்கரம் கோட்டைத் தாண்டிவிட்டதோ என்று பார்த்தேன், இல்லை. மறுபடியும் நடுங்கியது. ஆக்ஸிலேட்டரில் காலை லேசாக எடுத்தால் நின்றது, அழுத்தினால் வந்தது. “இருநூத்திப் பத்து” என்றார் அவர். அப்புறம் “இருநூத்தி முப்பது.” பாரம் இழுக்கும்போது போடுகிற டோ-ஹால் பொத்தான் ஏற்கெனவே போட்டிருந்தது. கியரை ஒன்று இறக்கி, ஏசியை அணைத்து, வேகத்தை 45க்குக் கொண்டுவந்தேன். பின்சீட்டில் பிள்ளைகள் ஜன்னலை இறக்கினார்கள். அடுப்புக்குள் தலையை விட்ட மாதிரி காற்று.

“இருநூத்தி அம்பத்தி ரெண்டு. நிறுத்தும்மா, எங்கயாவது நிறுத்து.”

இன்ஜின் சத்தம் திடீரென்று ஏறியது, வண்டியின் வேகம் மட்டும் இறங்கிக்கொண்டே வந்தது. ஆர்பிஎம் முள் 4,500ஐத் தொடுகிறது, ஸ்பீடோமீட்டர் 30. மிதிக்கிற மிதி எங்கேயோ கரைந்து போய்க்கொண்டிருந்தது. இவ்வளவுக்கும் டாஷ்போர்டில் கூலன்ட் முள் நட்டநடுவில் சாதுவாக நிற்கிறது. ரேடியேட்டர் தண்ணீரைத் தவிர அந்த முள்ளுக்கு எதுவும் தெரியாது. ஹாலோரன் ஸ்பிரிங்ஸ் எக்ஸிட் பலகை தெரிந்தது. ஹசார்ட் விளக்கைப் போட்டுக்கொண்டு நடக்கிற வேகத்தில் அந்தச் சரிவுப் பாதையில் ஏறி, மேலே மண்தரையில் ஒதுங்கி நின்றோம்.

இறங்கியதும் முதல் வேலை டிரெய்லர் சக்கரங்களுக்குக் கட்டை கொடுப்பது. ஏற்றத்தில் நிற்கும்போது கட்டை வைக்காமல் கொக்கியைத் தொடவே கூடாது. அவர் கட்டை வைக்க, நான் குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தேன். முன்சக்கரங்களுக்குக் கொஞ்சம் பின்னால் சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது. டிரான்ஸ்மிஷன் எண்ணெய் பொதுவாகச் சிவப்பாக இருக்கும். இது பழுப்பு. பேப்பர் டிஷ்யூவில் ஒற்றி முகர்ந்தேன். கருகல் நெடி. அதற்கு மேல் யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

கொஞ்ச நேரம் ஆறவிட்டு ஓட்டிப் பார்க்கலாமே என்றார் அவர். சூடு மட்டும்தான் பிரச்சினை என்றால் அது சரிதான். நிறுத்தி, நியூட்ரலில் வைத்து இன்ஜினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டால் எண்ணெய், அதை ஆற்றுகிற கூலர் வழியாகச் சுற்றிச் சூடு இறங்கிவிடும். ஆனால் கருகல் நெடி வந்து, கியர் வழுக்கவும் ஆரம்பித்துவிட்டால் கிளட்ச் தகடு தேய்ந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். அதற்குப் பிறகு ஓட்டுகிற ஒவ்வொரு மைலும் இரும்புத்தூளை எல்லாப் பக்கமும் கொண்டுபோய்ச் சேர்க்கிற வேலைதான். வேண்டாம் என்று சாவியை எடுத்துவிட்டேன்.

வெறும் கார் நின்றால் ஒரு போன், ஒரு டோ டிரக், கதை முடிந்தது. டிரெய்லரோடு நிற்கும்போது இரண்டு பிரச்சினை. சாலை உதவித் திட்டத்தில் எங்களிடம் இருந்தது ஆர்வி, அதாவது டிரெய்லர் மாதிரி வீட்டு வண்டிகளையும் சேர்த்த அட்டை. சாதாரண அட்டையாக இருந்தால் காரை மட்டும் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள், டிரெய்லர் பாலைவனத்தில் தனியாக நிற்கும். எங்களுக்கு இரண்டையும் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்கள், ஆனால் இரண்டு டிரக் வேண்டும். ஒன்று பார்ஸ்டோ என்கிற ஊரிலிருந்து வர வேண்டும், இன்னொன்று எங்கிருந்து வரும் என்று அவர்களுக்கே தெரியவில்லை.

அந்தக் காத்திருப்பில் எங்களைக் காப்பாற்றியது டிரெய்லர்தான், அதைச் சொல்லியே ஆக வேண்டும். ஃப்ரிட்ஜ் கேஸில் ஓடும், தொட்டியில் தண்ணீர் இருந்தது, கூரை மின்விசிறி பேட்டரியில் சுற்றியது. நெடுஞ்சாலையோரமாக இருந்திருந்தால் யாரையும் உள்ளே விட்டிருக்க மாட்டேன். பின்னாலிருந்து வரும் லாரி ஒரு நொடி தடுமாறினால் போதும். எக்ஸிட்டுக்கு மேலே, சாலையிலிருந்து நன்றாகத் தள்ளி நின்றதால் பிள்ளைகள் உள்ளே படுத்துக்கொண்டார்கள். தயிர்சாதம் இருந்தது. வெளியே நூற்றைந்து டிகிரி.

முதல் டிரக் வந்தபோது அடுத்த சிக்கல். அதன் கேபினில் இரண்டு பேருக்குத்தான் இடம், நாங்கள் நாலு பேர். “அம்மா, நாங்க டிரெய்லர்ல படுத்துக்கிட்டே வரோமே?” என்று கேட்டான் பெரியவன். இழுத்துப் போகும் டிரெய்லருக்குள் ஆள் இருக்கக் கூடாது என்று கலிபோர்னியாவில் சட்டமே இருக்கிறது, அது நல்லதுக்குத்தான். கடைசியில் கணவரும் பெரியவனும் காரோடு போனார்கள். நானும் சின்னவளும் டிரெய்லருக்குக் காவல். இரண்டாவது டிரக் வரும்போது வெயில் சாய்ந்துவிட்டது. வந்தவர் கொக்கி உயரத்தை அளந்து, தன் டிரக்கில் உருண்டையை மாற்றிப் பூட்டி, பாதுகாப்புச் சங்கிலியைக் குறுக்காக மாட்டி, ஏழு பின் பிளக்கைச் செருகி, டிரெய்லரின் பின்விளக்கு எரிகிறதா என்று நடந்துபோய்ப் பார்த்துவிட்டுத்தான் ஏறினார். வேலை தெரிந்த மனிதர். பார்ஸ்டோவில் ஓர் ஆர்வி பார்க்கில் அதை இறக்கிவிட்டார்.

மறுநாள் ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக் கூப்பிட்டுக் காட்டினார். கழற்றிய எண்ணெய்த் தட்டு பெஞ்சின் மேல். அதன் அடியில் ஒரு வட்டக் காந்தம் இருக்கும், உலோகத்தூளைப் பிடித்துவைக்க. மெல்லிய சாம்பல் நிறப் பசை படிந்திருந்தால் அது வயதுக்கு வருவது, பயமில்லையாம். எங்கள் காந்தத்தில் முள் முள்ளாக இரும்புச் செதில்கள் நின்றன. தட்டின் மூலையில் கறுப்பாக, தொட்டால் நறநறக்கும் குழம்பு. கிளட்ச் தகட்டின் மேல்பூச்சு அது.

மெக்கானிக் சொன்ன காரணத்தை எனக்குப் புரிந்த விதத்தில் சொல்கிறேன். ஆட்டோமேட்டிக் வண்டியில் இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் டார்க் கன்வெர்ட்டர் இருக்கிறது. எதிரெதிரே வைத்த இரண்டு மின்விசிறிகளில் ஒன்றைப் போட்டால் மற்றதும் காற்றில் சுற்றுமே, அதுபோல இங்கே எண்ணெயின் தள்ளலில் சக்தி கைமாறுகிறது. வழுக்கல் இருக்கும்வரை அந்த எண்ணெய் சூடாகிக்கொண்டே இருக்கும். வழுக்கலைத் தடுக்க உள்ளே ஒரு லாக்-அப் கிளட்ச், சீரான வேகம் வந்ததும் இரண்டு பக்கத்தையும் இறுக்கிப் பூட்டிவிடும். எங்கள் வண்டியில் தேய்ந்து போயிருந்தது அந்தக் கிளட்ச்தான். நடுக்கம் அங்கிருந்து வந்தது. பூட்ட முடியாமல் வழுக்க, எண்ணெய் கொதிக்க, தேய்ந்த தூள் வால்வுகளில் அடைக்க, அழுத்தம் குறைந்து மற்ற கிளட்ச்களும் வழுக்க ஆரம்பித்துவிட்டன. 175 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு இருபது டிகிரிக்கும் எண்ணெயின் ஆயுள் பாதியாகும் என்பது அந்தத் தொழிலில் புழங்கும் கணக்கு. துல்லியமான சூத்திரம் இல்லை, ஆனால் 250 ஏன் பயமுறுத்துகிறது என்று புரிந்துகொள்ளப் போதும்.

6,000 பவுண்டு இழுக்கும் என்று போட்டிருக்கிறதே என்று கணவர் கேட்டார். மெக்கானிக் சிரித்தார். இந்த எண்ணை எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்று அப்புறம் படித்துப் பார்த்தேன். எஸ்ஏஇ என்கிற வாகனப் பொறியாளர் சங்கத்தின் ஜே2807 என்று ஒரு சோதனை முறை, 2008இல் வந்தது. அதற்கான ஏற்றம் இதே பாலைவனப் பகுதியில்தான் இருக்கிறது, கொலராடோ ஆற்றின் டேவிஸ் அணைக்குப் பக்கத்தில் தொடங்கி 11.4 மைல் நீளம். ஏசி முழு வேகத்தில் ஓட, குறைந்தது 40 மைல் வேகத்தில் ஏற வேண்டும். சோதனை கடுமையானதுதான், மறுக்கவில்லை. ஆனால் ஏறுவது புது வண்டி. அதில் இருப்பதாகக் கணக்கு வைப்பது தலா 150 பவுண்டில் இரண்டே பேர். இரண்டு பிள்ளைகள், நாலு சைக்கிள், பழைய உரிமையாளர் எண்ணெய் மாற்றினாரா இல்லையா என்கிற புதிர், இதெல்லாம் அதில் சேர்த்தியில்லை. கையேட்டில் ‘ஆயுள் முழுக்க மாற்றத் தேவையில்லை’ என்கிற தொனியில் எண்ணெயைப் பற்றி ஒரு வரி இருக்கும். சில பக்கம் தள்ளி, டிரெய்லர் இழுப்பவர்களுக்குத் தனி அட்டவணை, சின்ன எழுத்தில். முதல் பக்கத்தை மட்டும் காட்டித்தான் வண்டியை விற்கிறார்கள்.

பழைய கியர்பாக்ஸைப் பிரித்துச் சரிசெய்வதா, புதுப்பித்த கியர்பாக்ஸை அப்படியே மாட்டுவதா? நாங்கள் இரண்டாவதையே எடுத்தோம். விலை அதிகம், ஆனால் வாரண்டி நாடு முழுக்கச் செல்லும். ஊர் விட்டு ஊர் வந்து மாட்டிக்கொண்டவர்களுக்கு அதுதான் முக்கியம். டார்க் கன்வெர்ட்டரும் சேர்ந்தே வந்தது. கூலரையும் மாற்றினால்தான் வாரண்டி என்றார்கள். முதலில் காசு பிடுங்குகிறார்களோ என்று தோன்றியது. கூலரின் மெல்லிய குழாய்களில் தங்கிய இரும்புத்தூளை முழுக்கக் கழுவி எடுக்க முடியாது, அது புது கியர்பாக்ஸுக்குள்ளேயே போய்ச் சேரும் என்று விளக்கியதும் கையெழுத்துப் போட்டேன். ஆறாயிரம் டாலரைத் தாண்டிவிட்டது. சயான் முன்பதிவுப் பணத்திலும் ஒரு பகுதிதான் திரும்பி வந்தது.

வண்டி தயாராகி, கிளம்பலாம் என்று கொக்கியைப் பூட்டப் போன சமயத்தில் மெக்கானிக் கை காட்டி நிறுத்தினார். முதல் 500 மைலுக்கு எதையும் இழுக்கக் கூடாதாம். புதுத் தகடுகள் ஒன்றோடொன்று பழக வேண்டும். ஆர்வி பார்க்கில் மாதக் கணக்கில் விடக் கட்டுப்படியாகாது. பக்கத்திலேயே வேலி போட்ட ஒரு நிறுத்துமிடத்தைப் பிடித்தோம். தண்ணீர்த் தொட்டியை வடித்து, கேஸை மூடி, பேட்டரியைக் கழற்றி, பிள்ளைகளின் தலையணைகளை மட்டும் எடுத்துக்கொண்டு காரில் வீடு திரும்பினோம்.

அந்த 500 மைலை அலுவலகத்துக்கும் பள்ளிக்கும் ஓடி முடித்துவிட்டு, டிரெய்லரை எடுக்கப் போனோம். இந்த முறை விடிவதற்கு முன்பே பார்ஸ்டோவிலிருந்து கிளம்பினோம். வீட்டுக்குப் போகும் வழியில் கஹோன் கணவாயை நோக்கி ஏறும்போது எண்ணெய் அதிகபட்சம் 203. இறக்கத்தில் இரண்டாவது கியரில் விட்டு, பிரேக்கை அதிகம் மிதிக்காமல் இறங்கினோம். டாஷ்போர்டில் தனியாக ஒரு டிரான்ஸ்மிஷன் மீட்டர் பொருத்தக் கணவர் விலை பார்த்துக்கொண்டிருக்கிறார். சயானுக்கு அக்டோபரில் மறுபடி முன்பதிவு செய்திருக்கிறோம். பேக்கரைக் காலை ஆறு மணிக்குள் தாண்டிவிட வேண்டும், சைக்கிள்கள் வீட்டிலேயே இருக்கட்டும் என்பது என் கட்சி. சைக்கிள் விஷயத்தில் பிள்ளைகளோடு பேச்சுவார்த்தை இன்னும் முடியவில்லை.