குறி காட்டிய 5 பாகை

பினாங்கில், ரெலாவ் பக்கமிருந்து துன் சார்டோன் மலைச் சாலையில் பாலிக் பூலாவுக்கு ஏறுகிறவர்களுக்கு அந்தச் சாலையின் குணம் தெரியும். ஒரு வளைவில் இழந்த வேகத்தை மீட்பதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும். பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டரும், சிலிண்டர்களுக்குத் தீப்பொறியைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரும் கொண்ட என் பழைய 1.5 லிட்டர் கார் அங்கேதான் முதலில் முனகியது. நான்காவது கியரில் ஆக்சிலரேட்டரை அழுத்தினால், தகர டப்பாவில் புளியங்கொட்டையைக் குலுக்கியது போல ஒரு கலகலப்பு. வீடு வந்து நிறுத்தினால் வேறொரு சத்தம்: சும்மா ஓடும்போது அடிவயிற்றிலிருந்து ‘டொக், டொக்’.

ஜெலுத்தோங்கில் ஒரு பட்டறை அண்ணன் காது கொடுத்துக் கேட்டார். "தம்பி, கனெக்டிங் ராட் பேரிங் போய்விட்டது. ஹாஃப்கட் இன்ஜின் ஒன்று பார்த்து மாற்றிவிடலாம்" என்றார். ஹாஃப்கட் என்பது வெளிநாட்டுப் பழைய காரை அறுத்து எடுத்து வருவது. காரை நான் வாங்கிய விலையில் பாதி அது. இரண்டு வாரம் அவகாசம் கேட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

முதல் சனிக்கிழமை எளிய சோதனைகள். கறுப்பு எண்ணெய் (இன்ஜின் ஆயில்) அளவு சரியாக இருந்தது. வடித்துப் பார்த்ததில் உலோகப் பொடி எதுவும் மினுங்கவில்லை. ரப்பர் பிடி போட்ட இடுக்கியால் பிளக் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். பிஸ்டனைக் கிராங்க் தண்டோடு இணைக்கும் ராடின் பேரிங் தேய்ந்திருந்தால், அந்தச் சிலிண்டரில் தீப்பொறி நின்றதும் சுமை குறைந்து தட்டல் அமுங்க வேண்டும். நான்கிலும் ஒரு மாற்றமும் இல்லை. நீளத் திருப்புளியின் பிடியைக் காதில் வைத்து, முனையால் இன்ஜினைத் தொட்டுத் தேடினேன். எண்ணெய்த் தொட்டியில் சத்தம் மங்கலாகவும், பெல்ட் ஓடும் பக்கத்தில் உரக்கவும் கேட்டது. இதை அங்கேயே பிடித்திருக்க வேண்டும். பிடிக்கவில்லை.

காரணம், என் மனம் முழுக்க மலைச் சாலைக் கலகலப்பில் இருந்தது. தீப்பொறி முந்தி விழுந்தால், சுடர் இன்னும் போய்ச் சேராத ஓரத்துப் பெட்ரோல் கலவை அழுத்தத்திலும் சூட்டிலும் தானே வெடிக்கும். அந்தக் கலகலப்பு அதுதான். 95 ஆக்டேன் பெட்ரோலுக்குப் பதில், அப்படித் தானே வெடிப்பதை இன்னும் தாங்கும் 97 நிரப்பினேன், பாதி அடங்கியது. ஆக டைமிங்தான், அதாவது தீப்பொறி விழும் நேரம்தான் என்று முடிவு கட்டி, ஒவ்வொரு தீப்பொறிக்கும் மின்னி அந்த நேரத்தைக் காட்டும் டைமிங் விளக்கை மாட்டினேன். கையேடு சொல்வது, பிஸ்டன் மேலே போய்ச் சேரும் உச்சிப்புள்ளிக்கு 5 பாகை முன். கிராங்க் தண்டின் முனையில் பெல்ட்களைச் சுற்றும் சக்கரமான கிராங்க் புல்லியின் குறியும் சரியாக 5இல் நின்றது. கொஞ்சம் நடுங்கியது, விளக்கு மலிவானது, அதனால்தான் என்று விட்டுவிட்டேன். அந்த விளக்கிடம் இப்போது மன்னிப்புக் கேட்கிறேன்.

அடுத்த வாரம் வேறு வழி தெரியாமல் வெளி பெல்ட்களைக் கழற்றிவிட்டு இன்ஜினை அரை நிமிடம் மட்டும் ஓட்டினேன் (தண்ணீர் பம்ப்பும் நின்றுவிடும், அதற்கு மேல் கூடாது). ‘டொக்’ காணாமல் போயிற்று. ஆல்டர்னேட்டரையும் பம்ப்பையும் கையால் சுற்றினேன், வெண்ணெய் போலச் சுற்றின. கடைசியாகக் கிராங்க் புல்லியைப் பிடித்து ஆட்டினேன். வெளி வளையம் மட்டும் தனியாக அசைந்தது.

இந்தப் புல்லி ஒரே இரும்பு அல்ல. நடுவில் கிராங்க் தண்டோடு இறுகிய குடம், வெளியே கனத்த வளையம், இரண்டுக்கும் இடையே அதிர்வை வாங்கிக்கொள்ளும் ரப்பர். என் ரப்பர் வெடித்துப் பிடி விட்டிருந்தது. தட்டலுக்குக் காரணம் கிடைத்தது என்று சிரித்துக்கொண்டே எழுந்தவன், மறுபடி குனிந்தேன். டைமிங் குறி வெட்டியிருப்பது அந்த வெளி வளையத்தில்!

பிளக்குகளைக் கழற்றி, ஒரு பழைய பிளக்கின் பீங்கானை உடைத்தெடுத்து அதில் போல்ட் ஒன்றைப் பொருத்தி, முதல் சிலிண்டரில் திருகினேன். கிராங்கைக் கையால் மெல்ல இரு பக்கமும் சுற்றி, பிஸ்டன் போல்ட்டில் முட்டும் இரண்டு இடங்களையும் குறித்தேன். இரண்டுக்கும் நடுவே உண்மையான உச்சிப்புள்ளி. புல்லியின் குறி அதிலிருந்து 10 மி.மீ. விலகியிருந்தது. வளையத்தின் விட்டம் 130 மி.மீ.; சுற்றளவு 408; ஒரு பாகைக்கு 1.13. ஆக ஏறக்குறைய 9 பாகை. 5 என்று விளக்கு காட்டியபோது தீப்பொறி 14இல் விழுந்துகொண்டிருந்தது.

பெல்ட்டின் இழுவையில் வளையம் பின்னோக்கி நழுவுவதே இயல்பு. இது முன்னோக்கிப் போயிருந்தது. வளையத்தின் மேல் சங்கிலிச் சாவியின் (சங்கிலியால் சுற்றிப் பிடிக்கும் ஸ்பேனர்) பல்தடம் கிடைத்தது. எனக்கு முன்பு யாரோ உள்ளே வால்வுகளை ஓட்டும் டைமிங் பெல்ட்டை மாற்ற, வளையத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நடு போல்ட்டைத் திருகியிருக்கிறார்கள். குடம் திரும்பியது, ரப்பர் கிழிந்தது. பிறகு அதே குறியை நம்பி டைமிங்கும் வைத்திருக்கிறார்கள்.

புதுப் புல்லி 120 ரிங்கிட். போல்ட்டைக் கழற்ற வண்டியை ஐந்தாவது கியரில் போட்டு, அக்காள் மகனை பிரேக்கை மிதிக்கச் சொன்னேன். "மாமா, கால் வலிக்கிறது" என்று அவன் மூன்றாவது முறை சொன்னபோது போல்ட் அசைந்தது. புதுக் குறியில் விளக்கு 14 காட்ட, டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி 5க்குக் கொண்டுவந்தேன். தீப்பொறி பிந்தியதில் சும்மா ஓடும் வேகம் இறங்கியது. கார்புரேட்டர் திருகைக் கால் சுற்று திருப்பிச் சரிக்கட்டினேன்.

ஞாயிறு காலை அதே மலை, அதே நான்காவது கியர், தொட்டியில் 95. குளிர்சாதனத்தையும் போட்டுக்கொண்டு ஏறினேன். ஜன்னல் வழியே பூச்சிகளின் இரைச்சல்தான் கேட்டது.

காலையில் முதலில் ஸ்டார்ட் செய்யும்போது புகைக்குழாய் பக்கம் ஒரு மெல்லிய ‘டிக் டிக்’ இருக்கிறது, சூடானதும் போய்விடுகிறது. கேஸ்கெட்டாக இருக்கும். அடுத்த சனிக்கிழமை பார்க்கிறேன்.