அப்பாவுக்காகச் சொன்ன நேர்ச்சை

அப்பாவின் சிறுநீரகங்கள் இரண்டும் பழுதாகி, வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸ் நடந்துகொண்டிருந்த காலத்தில், அவர் பிழைத்து எழுந்தால், விசுவாசத்துக்காக உயிர்விட்ட மறைசாட்சி தேவசகாயத்தின் தலங்களை எல்லாம் சுற்றிக் கும்பிட்டு, காற்றாடிமலையில் உப்பும் நல்லமிளகும் போட்டு, கோட்டாற்றில் அவருடைய கல்லறைக்கு முன் திருப்பலி ஒப்புக்கொடுப்பதாக அம்மா நேர்ந்துகொண்டார். அப்பா பிழைக்கவில்லை. ஆண்டு நினைவுத் திருப்பலி முடிந்த கையோடு, பொங்கல் விடுமுறைக்கு நாகர்கோவிலுக்கு டிக்கெட் எடுக்கும்படி அம்மா என்னிடம் சொன்னார்.

வீட்டில் யாருக்கும் இது புரியவில்லை. "கேட்டது கிடைக்கலியே அக்கா, பிறகு என்ன நேர்ச்சை?" என்று சித்தி நேரடியாகவே கேட்டுவிட்டார். அம்மா கோபப்படவில்லை. "பிழைச்சா வருவேன்னு கணக்கு வச்சது நான். புனிதர் எங்கிட்ட கணக்கு வைக்கல. நான் போகணும்" என்றார். அதற்குமேல் யாரும் பேசவில்லை. அம்மாவுக்கும் அப்பாவுக்கும் தேவசகாயத்தின் மேல் இருந்த பற்று புதிதன்று. 2012 டிசம்பர் 2 அன்று நாகர்கோவில் கார்மல் பள்ளி மைதானத்தில் அவருக்குப் புனிதர் நிலைக்கு முந்தைய அருளாளர் பட்டம் அளிக்கப்பட்டபோது இருவரும் அந்தக் கூட்டத்தில் நின்றவர்கள். 2022 மே 15 அன்று வத்திக்கானில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதர் என்று அறிவித்ததைத் தொலைக்காட்சியில் பார்த்து, அப்பா எழுந்து நின்று கைகூப்பினார். குருவோ துறவியோ அல்லாத பொதுநிலையினருள் இந்தியாவின் முதல் புனிதர். அதுவும் எங்கள் மண்ணில் நடந்து, எங்கள் மண்ணில் அடிபட்டவர்.

பயணத்தைச் சொல்வதற்கு முன், அப்பா படுக்கையில் இருந்த நாட்களில் எங்கள் வீட்டுக்கு வந்துபோன ஒருவரைப் பற்றிச் சொல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை. தெரிந்தவர் ஒருவர் அழைத்து வந்த ஊழியக்காரர் அவர். நோயாளியின் தலையில் கை வைத்து உரத்த குரலில் ஜெபித்தார். சிறிய புட்டியில் அபிஷேக எண்ணெய் கொடுத்தார். பிறகு பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்து, மாதம் இவ்வளவு என்று பங்காளராகச் சேர்ந்தால் இந்த வீட்டுக்கு இரட்டிப்பான ஆசீர்வாதம் வரும் என்றார். விவிலியத்தில் வரும் யோபுவுக்குக் கர்த்தர் இழந்ததை எல்லாம் இரண்டு மடங்காகத் திருப்பிக் கொடுத்தாரே, நீங்கள் முதலில் விதைக்க வேண்டாமா என்று கேட்டார். அம்மா தாலிக்கொடியைத் தவிர இருந்த ஒரே வளையலை விற்று அந்த விதைப்புக் காணிக்கையைக் கொடுத்தார். அப்பா இறந்த பிறகு துக்கம் கேட்க வந்த அதே மனிதர், வீட்டில் விசுவாசம் குறைந்திருக்கிறது என்ற ஒரு வார்த்தையை விட்டுவிட்டுப் போனார். கணவனைப் பறிகொடுத்தவள் தலையில் அந்தச் சாவுக்கான பழியையும் சேர்த்து ஏற்றிவிட்டுப் போவதற்கு ஒரு மனிதருக்கு எப்படி மனம் வந்தது என்று இன்றும் எனக்கு விளங்கவில்லை.

இதைச் சொல்வதால், கத்தோலிக்கர்களாகிய நாம் தப்பித்துக்கொண்டோம் என்று பொருளில்லை. ஏற்றிய மெழுகுதிரி பாதிகூட எரிவதற்குள் அதை அள்ளித் தொட்டியில் போடுவதையும், காணிக்கையின் அளவைப் பொறுத்து மன்றாட்டை வாசிக்கும் வரிசை மாறுவதையும், புனிதரின் படத்தைவிட நன்கொடையாளரின் படம் பெரிதாக இருக்கும் பிளெக்ஸ் பலகைகளையும் நம் திருவிழாக்களில் பார்த்திருக்கிறேன். கோவில் வாசலில் மெழுகுதிரியும் பூமாலையும் விற்று அன்றன்றைய அரிசியை வாங்கும் பாட்டியை நான் பக்தி வாணிபம் செய்கிறவர் என்று சொல்லவில்லை. அவர் மெழுகை விலை சொல்லி விற்கிறார், அவ்வளவுதான். கடவுளின் இரக்கத்துக்கு விலை சொல்கிறவர்களைத்தான் சொல்கிறேன்.

பயணத்தைத் தேவசகாயம் பிறந்த நட்டாலத்தில் தொடங்கினோம். மார்த்தாண்டம் பேருந்து நிலையத்தில் இறங்கியதுமே இரண்டு வேன்காரர்கள் வழிமறித்தார்கள். எல்லாத் தலங்களையும் ஒரே நாளில் முடித்துத் தருவதாகவும், ஒவ்வோர் இடத்திலும் பத்து நிமிடம் போதும் என்றும், மலையில் வரிசையில் நிற்காமல் போக ஆள் இருப்பதாகவும் ஒருவர் விடாமல் பேசிக்கொண்டே பின்னால் வந்தார். அம்மா அவரிடம் மரியாதையாக மறுத்துவிட்டு அரசுப் பேருந்தில் ஏறினார். அந்தக் கூட்டத்தில் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டுதான் நட்டாலம் போய்ச் சேர்ந்தோம். 1712-இல் நீலகண்டன் என்ற பெயரோடு பிறந்து, திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்டவர்மரின் அரசில் பொறுப்பான பணியில் இருந்தவரின் ஊர் அது. அங்கே வெகுநேரம் நிற்கவில்லை. அம்மாவின் மனம் புலியூர்க்குறிச்சியில் இருந்தது.

தக்கலைக்குப் பக்கத்தில் இருக்கிறது புலியூர்க்குறிச்சி. அருகிலேயே உதயகிரிக் கோட்டை. 1741 குளச்சல் போரில் பிடிபட்டு, பின்னர் மன்னரின் படைக்கே பயிற்சி அளித்த டச்சுக் கம்பெனித் தளபதி டிலனாயின் கல்லறை அந்தக் கோட்டைக்குள்தான் உள்ளது. நீலகண்டனின் வீட்டில் அடுத்தடுத்துப் பொருள் நட்டம் வந்து அவர் மனமொடிந்திருந்தபோது, டிலனாய் அவருக்கு யோபுவின் கதையைச் சொன்னார் என்பது நம் மரபு. எங்கள் வீட்டுக்கு வந்தவர் சொன்னதும் அதே யோபுவின் கதைதான். ஆனால் அவர் கடைசி அதிகாரத்தை மட்டும் சொன்னார். முதல் அதிகாரத்தில் சாத்தான் ஆண்டவரிடம் ஒரு கேள்வி கேட்கிறான்: யோபு ஒன்றும் கிடைக்காமலா உமக்கு அஞ்சி நடக்கிறான், அவனுக்கு உள்ளதை எல்லாம் எடுத்துவிட்டுப் பாரும் என்கிறான். அந்தக் கேள்விக்கு நீலகண்டன் தம் உடலாலேயே விடை சொன்னார். 1745-இல் வடக்கன்குளத்தில் இயேசு சபை அருட்தந்தை புத்தாரியிடம் திருமுழுக்குப் பெற்று லாசர், அதாவது தேவசகாயம் ஆனார். அதனால் அவருக்கு நிலமோ பதவியோ கூடவில்லை. இருந்த பதவி போயிற்று, உறவு போயிற்று, தாழ்ந்தவர் என்று ஊர் ஒதுக்கியவர்களோடு ஒன்றாக உட்கார்ந்து உண்டதால் சாதிக்குள் இருந்த மதிப்பும் போயிற்று. 1749 பிப்ரவரியில் விலங்கு பூட்டினார்கள். எருமையின்மேல் பின்புறம் நோக்கி உட்காரவைத்து ஊர் ஊராக இழுத்துச் சென்றார்கள். அடித்த புண்களில் மிளகாய்ப் பொடியைத் தேய்த்து வெயிலில் நிறுத்தினார்கள். இரட்டிப்பாகத் திரும்பி வந்தது ஒன்றுமில்லை. யோபுவின் கடைசி அதிகாரம் இந்த மண்ணில் அவருக்கு எழுதப்படவே இல்லை.

அப்படி இழுத்துச் செல்லப்பட்டபோது தாகத்தால் துவண்டு, கைமுட்டால் இடித்த பாறையில் நீர் சுரந்தது என்று வழிவழியாகச் சொல்லி வரும் முட்டிடிச்சான் பாறை புலியூர்க்குறிச்சியில் இருக்கிறது. பாறையின் சிறு குழியில் நீர். எங்களுக்கு முன்னால் நின்ற ஓர் அம்மாள் விரல் நுனியால் தொட்டுத் தம் பேத்தியின் நெற்றியில் சிலுவை வரைந்துவிட்டு நகர்ந்தார். சாலையோரத்தில் ஒரு கடைக்காரர் பிளாஸ்டிக் புட்டிகளை அடுக்கி வைத்து, இந்த நீரைப் பிடித்து வீட்டில் தெளித்தால் கடன் தீரும், விசா கிடைக்கும் என்று கூவிக்கொண்டிருந்தார். அம்மா புட்டி வாங்கவில்லை. முந்தானையின் ஓரத்தை அந்த நீரில் நனைத்து, கண்களில் ஒற்றிக்கொண்டு, "தாகத்துக்குத் தந்த தண்ணி" என்று மட்டும் சொன்னார்.

பெருவிளையில் அவரைப் பல மாதங்கள் வேப்பமரத்தில் கட்டி வைத்திருந்த இடத்தைக் கும்பிட்டுவிட்டு, அன்றிரவு நாகர்கோவிலில் உறவினர் வீட்டில் தங்கினோம்.

மறுநாள் சனவரி 14. 1752-இல் இதே நாளில்தான் ஆரல்வாய்மொழிக் காட்டில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். பொங்கல் கூட்டமும் திருநாள் கூட்டமும் சேர்ந்ததால் ஆரல்வாய்மொழிக்குப் பேருந்து கிடைக்கவே வெகுநேரம் ஆயிற்று. இறங்கியபின், தேவசகாயம் மவுண்ட் என்று இப்போது அழைக்கும் காற்றாடிமலை வரையில் மக்கள் வெள்ளம். வியாகுல அன்னை ஆலயத்தில் திருப்பலிக்கு உள்ளே இடம் கிடைக்காமல் வெளியே வெயிலில் நின்றோம். ஒலிபெருக்கிகள் ஒன்றோடொன்று மோதின. வரிசையில் இடித்துத் தள்ளினார்கள். ஒரு குழந்தை தாயைக் காணாமல் அலறியபோதுகூட முன்னால் போனவர்கள் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தத் தாயைத் தேடிப் பிடித்துச் சேர்த்தவர் பனங்கிழங்கு விற்றுக்கொண்டிருந்த ஒரு பெண். தம் கூடையை அப்படியே விட்டுவிட்டு ஓடினார். அவருக்கு ஆண்டவர் நன்மை செய்வாராக.

மேலே ஏறும் பாறைப்படிகளில் அம்மாவின் முழங்கால் பிடித்துக்கொண்டது. தூக்கிக்கொண்டு போக ஆள் வரட்டுமா என்று ஒருவர் கூலி பேசினார். வேண்டாம் என்று சொல்லி, ஒவ்வொரு படியிலும் கையை ஊன்றி, உட்கார்ந்து, எழுந்து, இயேசுவின் பாடுகளை நினைவுகூரும் செபமாலையின் துயர மறையுண்மைகளைச் சொல்லிக்கொண்டே ஏறினார். முகமெல்லாம் வேர்த்துக் கொட்டியது. நடுவில் ஓர் இடத்தில் என் தோளைப் பற்றிக்கொண்டு நின்று, "மக்களே, அப்பாவுக்கு ஊசி குத்தின கை இப்படித்தான் கனத்துக் கிடக்கும்" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. பின்னால் வந்த இளைஞர்கள் இருவர் கேட்காமலேயே இரு பக்கமும் தாங்கிக்கொண்டார்கள். அவர்களுடைய பெயரைக்கூட நாங்கள் கேட்கவில்லை.

சுடப்படுவதற்கு முன் தேவசகாயம் முழந்தாளிட்டுச் செபித்த இடம் என்று காட்டும் பாறைக்கு முன் அம்மா வெகுநேரம் நின்றார். பின்னாலிருந்து நகரச் சொல்லிக் குரல்கள் எழுந்தன. ஆனாலும் அந்த இடத்தில் மட்டும் யாரும் தள்ளவில்லை. முழங்கால் மடக்க முடியாத அம்மா, பாறையில் இரண்டு உள்ளங்கைகளையும் பதித்து, நெற்றியை அதன்மேல் வைத்துக் குனிந்தார். கல்லில் வெயில் ஏறியிருந்தது, கையைச் சுட்டிருக்கும். நான் பக்கத்தில் குனிந்தேன். என்ன கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. வேலை, வீட்டுக்கடன், தம்பியின் கல்யாணம் என்று கேட்பதற்கு எத்தனையோ இருந்தன. கேட்பது பாவமுமில்லை, அன்றன்றைய உணவைக் கேட்கச் சொல்லிக் கொடுத்தவரே நம் ஆண்டவர்தான். ஆனால் ஒன்றும் கிடைக்காமல் போனபின்னும் விட்டு விலகாத ஒருவரின் இரத்தம் விழுந்த இடத்தில் நிற்கும்போது என் பட்டியல் எதுவும் வாய்க்கு வரவில்லை. பக்கத்தில் அம்மாவின் குரல் மெல்லக் கேட்டது. அவர் அப்பாவோடு வாழ்ந்த ஆண்டுகளை ஒவ்வொன்றாகச் சொல்லி நன்றி கூறிக்கொண்டிருந்தார். கல்யாணமான புதிதில் வாடகைக்கு இருந்த ஓட்டுவீடு, நான் பிறந்த மழைநாள், அப்பாவுக்கு முதல் சம்பள உயர்வு வந்தது, தம்பிக்குக் கண்ட காய்ச்சல் விட்டது, கடைசியாக மருத்துவமனையில் நற்கருணை வாங்கிய காலை. எல்லாவற்றுக்கும் நன்றி. அந்தக் கடைசிக் காலைக்கும் நன்றி. ஓராண்டாக எனக்குள் இறுகிக் கிடந்த ஏதோ ஒன்று அங்கே கரைந்து, நான் வாய்விட்டு அழுதேன்.

தட்டினால் மணிபோல் ஒலிக்கும் மணியடிச்சான் பாறையில் சிறுவர்கள் கல்லால் தட்டி ஒலி எழுப்பிக்கொண்டிருந்தார்கள். அம்மாவும் ஒருமுறை தட்டினார். உப்பும் நல்லமிளகும் போட்டோம். இறங்கும்போது முழங்கால் வலி அவருக்கு மேலும் கூடியிருந்தது. அது குறைந்துவிட்டது என்று எழுதினால் பொய்யாகும்.

கோட்டாறு புனித சவேரியார் பேராலயத்துக்குப் போய்ச் சேர மாலையாகிவிட்டது. கேட்ட வரம் தரும் கோட்டாறு சவேரியார் என்று குமரி மாவட்டத்தில் சிறு பிள்ளையும் சொல்லும். அந்தச் சவேரியாரின் ஆலயத்துக்குள்ளேதான், காட்டில் எறியப்பட்டுக் கிடந்த தேவசகாயத்தின் எலும்புகளை விசுவாசிகள் பொறுக்கி எடுத்துவந்து அடக்கம் செய்தார்கள். வரம் கேட்டு வருகிறவர்களெல்லாம் அவருடைய கல்லறையைக் கடந்துதான் போக வேண்டியிருக்கிறது. அப்பாவின் பெயருக்குத் திருப்பலி எழுதிக் கொடுத்தோம். காணிக்கை எவ்வளவு என்று தயங்கிக் கேட்டேன். அங்கிருந்த முதியவர், உங்களால் இயன்றது போதும், இல்லையென்றாலும் பெயரை வாசிப்போம் என்றார். விலை பேசி வந்த எத்தனையோ குரல்களுக்குப் பிறகு அந்தக் குரல் எங்களுக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை. திருப்பலியில் அப்பாவின் பெயரை முழுதாக, பிழையில்லாமல் வாசித்தார்கள்.

நேர்ச்சை அத்தோடு நிறைவேறிவிட்டது. மறுநாள் ஊர் திரும்புவதாகத்தான் ஏற்பாடு. ஆனால் இரவு சாப்பிட்டு முடித்ததும் அம்மா, வடக்கன்குளத்துக்கும் போய்வருவோம் என்றார். அது நேர்ச்சையில் இல்லையே என்றேன். தேவசகாயத்தின் மனைவி ஞானப்பூ அம்மாள் கணவரின் சாவுக்குப் பிறகு அங்கே போய்த் தங்கி, அங்கேயே வாழ்ந்து மறைந்தார் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். "அவளுக்கும் ஒண்ணும் திரும்பிக் கிடைக்கலியே மக்களே. ஒருக்க பாத்துட்டு வருவோம்" என்றார் அம்மா. திரும்பும் டிக்கெட்டை ரத்து செய்துவிட்டு, காலையில் வடக்கன்குளம் போகும் முதல் பேருந்துக்கு நேரம் கேட்டு வைத்தோம்.